பையில் வந்த கண்ணடிச்சான்

என்னை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ரேடியோ" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் ஓயாமல் பேசுகிறேனாம். இது பெரிய அநியாயம். சாப்பிடும்போது பேசுவேன், குளிக்கும்போது பேசுவேன், தூக்கத்திலும் கொஞ்சம் பேசுவேனாம். மற்ற நேரமெல்லாம் அமைதியாகத்தானே இருக்கிறேன்?

"தவளை தன் வாயால் கெடும்னு சொல்லுவாங்க. உனக்காகவே சொல்லி வச்ச பழமொழி அது" என்பார் மாமா.

அவர் தவளையைப் பற்றிப் பேசுவதே எனக்குச் சிரிப்பாக வரும். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

என் அம்மாவுக்குத் தவளைகளைப் படம் பிடிப்பதுதான் வேலை. ஆமாம், தவளைகளைத்தான்! மற்ற அம்மாக்கள் பையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போவார்கள். என் அம்மா முழங்கால் வரை பூட்ஸ் மாட்டிக்கொண்டு மழைக்காட்டுக்குள் போவாள். அம்மாவின் தம்பிதான் மாமா. அவர்தான் எங்கள் ஜீப்பை ஓட்டுகிறார். ஆள் நல்ல உயரம். எங்கள் வீட்டு வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும். அவருக்கு இடி என்றால் பயமில்லை, இருட்டு என்றால் பயமில்லை, பாம்பு என்றால்கூடப் பயமில்லை. தவளை என்றால் மட்டும் நாற்காலிமேல் ஏறிவிடுவார்.

"அது எப்ப குதிக்கும்னு தெரிய மாட்டேங்குதே, அதான் என் பிரச்சினை" என்பார். "முன்கூட்டியே சொல்லிட்டுக் குதிச்சா நான் எதுக்குப் பயப்படப் போறேன்?"

எங்கள் வீடு காட்டை ஒட்டி இருக்கிறது. மழை பெய்யாத நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். துணி காயாது. பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தால் மறுநாளே நமத்துப் போகும். கேமரா மட்டும் எப்போதும் காய்ந்து இருக்கும். அதற்கென்று ஓர் அலமாரி உண்டு. லென்ஸில் பூசணம் பிடிக்காமல் இருக்க, அதற்குள் ஒரு பல்பு எரிந்துகொண்டே இருக்கும். கேமரா பைக்குள்ளும் ஈரத்தை உறிஞ்சுகிற மணிகள் போட்ட குட்டிக் குட்டிப் பொட்டலங்கள் கிடக்கும்.

"இந்த வீட்டுல கேமராவுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்ல" என்று மாமா அடிக்கடி புலம்புவார். ஒருமுறை அவர் தன் ஈரச் சாக்ஸை அந்த அலமாரியில் காயப்போட்டு, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அம்மா ஒரு தவளைப் புத்தகம் போடுகிறாள். அதற்கான படங்களை முன்னறையில் கயிறு கட்டி கிளிப்பில் மாட்டியிருக்கிறாள். சிவப்புத் தவளை, கொம்பு வைத்ததுபோல் ஒரு தவளை, இலையா தவளையா என்றே தெரியாத ஒரு தவளை. வரிசையின் கடைசியில் ஒரே ஒரு கிளிப் மட்டும் காலியாக இருந்தது.

அந்தக் கிளிப்பில் வர வேண்டியது ஒரு தவளை அப்பா. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஆனால் பொறுப்பான ஆள். அம்மாத் தவளை இலைமேல் முட்டை போட்டுவிட்டுப் போய்விடும். அப்பாதான் அங்கேயே உட்கார்ந்து முட்டைகளைக் காய விடாமல், எறும்பு அண்ட விடாமல் காப்பாற்றும். அந்த முட்டைகளிலிருந்து வாலில்லாத குட்டித் தவளைகள் நேராக வெளியே வருமாம். அப்பாவும் குட்டிகளும் சேர்ந்து இருக்கிற படம்தான் அம்மாவுக்கு வேண்டும்.

"இன்னிக்கு இல்லன்னா நாளைக்குப் பொரிஞ்சிரும்" என்றாள் அம்மா, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில். "பொரிஞ்சதும் குட்டிங்க ஆளுக்கொரு பக்கம் ஓடிரும். விட்டா அடுத்த வருஷம்தான்."

"அம்மா, எனக்கு இன்னிக்கு லீவு" என்றேன்.

"தெரியும்."

"நானும் வரட்டுமா? பேசவே மாட்டேன். மூச்சுகூட மெதுவா விடுவேன். ஒரு வார்த்தை பேசினாலும் அடுத்த தடவை கூட்டிட்டுப் போக வேண்டாம். நீ என்ன சொன்னாலும் தலையை மட்டும்தான் ஆட்டுவேன். சரியா? சரின்னு சொல்லும்மா. ஏன் சிரிக்கிற?"

அம்மா சிரித்துக்கொண்டே என் பூட்ஸை எடுத்துக் கொடுத்தாள்.

காட்டுக்குள் போவதற்கு முன்னால் பூட்ஸைப் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். வெளியிலிருந்து தவளைகளுக்கு எந்த நோயையும் கொண்டுபோய்க் கொடுத்துவிடக் கூடாது அல்லவா? அம்மாவுக்கு இன்னும் சில சட்டங்களும் உண்டு. தவளையைத் தொடக்கூடாது. படம் அழகாக வர வேண்டும் என்று வேறு இலைக்கு மாற்றக்கூடாது. கிளம்பும்போது கொண்டுவந்த பொருள்களையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். காட்டில் எதையும் விட்டுவிட்டு வரக்கூடாது.

மாமா ஜீப்பிலேயே இருந்துகொண்டார். "வண்டிக்கு யாராவது காவல் வேணாமா?" என்றார்.

ஓடைக்கரையில், ஒரு புதரின் அகலமான இலைமேல் அந்தத் தவளை அப்பா உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை வரைக்கும் கத்தல் வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பச்சைப் பட்டாணி மாதிரி அவ்வளவு சின்னவர்! பக்கத்தில் கண்ணாடி மணிகள் போல முட்டைகள். உள்ளே குட்டிகள் அசைவதுகூடத் தெரிந்தது. அப்பாத் தவளையின் முதுகில் ஒரு பக்கம் வட்டமாக ஒரு மஞ்சள் புள்ளி. இன்னொரு பக்கம் சின்னதாக ஒரு மஞ்சள் கோடு. பார்த்தால் யாரோ கண்ணடிப்பது போலவே இருந்தது. மனதுக்குள்ளேயே அவருக்குக் "கண்ணடிச்சான்" என்று பெயர் வைத்துவிட்டேன்.

தூறல் ஆரம்பித்தது. கேமரா நனையாமல் என் குடையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளிப் பூச்சு. என் பிறந்தநாளுக்கு மாமா வாங்கிக் கொடுத்த குடை. அம்மா வீடியோ எடுத்தாள், படம் எடுத்தாள், காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். பேசாமல்! நம்பமாட்டீர்கள், ஆனால் நிஜம்.

திடீரென்று மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. எங்களுக்குப் பக்கத்தில் பட்டுப்போன ஒரு கிளை 'மடார்' என்று முறிந்து விழுந்தது.

"ஐயோ! இங்க நிக்கக் கூடாது, வா வா!" என்று அம்மா கேமராவைப் பைக்குள் போட்டு, பையை இழுத்து மூடி, என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். வாழ்க்கையில் முதல்முறையாக அம்மா எண்ணாமல் கிளம்பினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஜீப்புக்குள் 'டிக்... டிக்...' என்று ஒரு சத்தம் கேட்டது.

மாமாவின் முகம் சுருங்கியது. "இது என்ன புதுசா? நேத்துதானே வண்டியைச் சரி பண்ணினேன்?"

'டிக்... டிக்...'

மாமா வண்டியை நிறுத்தி, கொட்டுகிற மழையில் இறங்கி, எஞ்சினைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தார். அவர் உட்கார்ந்ததுமே மறுபடியும் 'டிக்'.

"மாமா, சத்தம் முன்னால இருந்து வரல. பின்னால இருந்து வருது" என்றேன்.

"வண்டி ஓட்டுறது நீயா, நானா?"

சரி, நமக்கென்ன வந்தது என்று வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"குடை எங்க?"

ஓடும்போது குடை கையை விட்டுப் போனதே எனக்குத் தெரியவில்லை.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? காட்டுல ஒரு துரும்பைக்கூட விட்டுட்டு வரக்கூடாதுன்னு! அவ்வளவு பெரிய குடையை விட்டுட்டு வந்திருக்கியே!"

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. குடை போனதற்கு ஒரு அழுகை, திட்டு வாங்கியதற்கு ஒரு அழுகை. அம்மா கேமராவையும் லென்ஸையும் துடைத்து எடுத்துவைத்துவிட்டு, பையை அப்படியே பல்பு எரியும் அலமாரிக்குள் வைத்து மூடினாள்.

சாப்பிட்டுவிட்டு, காலையில் எடுத்த வீடியோவை அம்மா கம்ப்யூட்டரில் போட்டாள். கண்ணடிச்சான் திரையில் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தார். அவர் தொண்டை பலூன்போல் உப்பியது.

'டிக்... டிக்...'

காட்டில், குடைமேல் மழை தட்டிய சத்தத்தில் இது எனக்குக் கேட்கவே இல்லை. இப்போது கேட்டது. எங்கேயோ கேட்ட சத்தம் மாதிரி இருந்தது. எங்கே கேட்டேன்?

"மாமா!" என்று கத்தினேன். "உங்க வண்டி சத்தம்!"

"என் வண்டிக்கு என்னடி?"

"வண்டி கத்தல மாமா, இவர்தான் கத்தினாரு! பின்னால... பையில... அம்மா, பை!"

நான் அலமாரிக்கு ஓடிக் கதவைத் திறந்தேன். உள்ளே அனல் மாதிரி இருந்தது. அம்மா பையை எடுத்துப் பிரித்தாள். லென்ஸ் வைக்கும் பள்ளத்தின் ஓரத்தில், ஈரத்தை உறிஞ்சுகிற அந்தப் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே, கண்ணடிச்சான் உட்கார்ந்திருந்தார். பளபளப்பே இல்லை. தோல் மங்கிப்போய், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, அசையாமல் இருந்தார். கிளை விழுந்தபோது பயந்துபோய்க் கீழே திறந்திருந்த பைக்குள் குதித்திருக்கிறார், பாவம்.

மாமா ஏற்கெனவே நாற்காலிமேல் இருந்தார்.

"ஐயையோ" என்று அம்மா கையை நீட்டினாள்.

"அம்மா, தொடாதே! கையில கொசு மருந்து!"

சாப்பிட்டு முடித்ததும்தான் பூசியிருந்தாள். அம்மாவின் கை அப்படியே நின்றது. தவளைக்குத் தோல்தான் மூக்கு, தோல்தான் வாய் மாதிரி. கொசு மருந்து பட்டால் அதற்கு ஆகாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அம்மாதான். பதற்றத்தில் அவளே மறந்துவிட்டாள்.

நான் என் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, ஓட்டிலிருந்து ஒழுகும் மழைத்தண்ணீரில் நனைத்த இலைகளை உள்ளே பரப்பினேன். பையை அதன்மேல் மெல்லச் சாய்த்தேன். கண்ணடிச்சான் பொத்தென்று இலைமேல் விழுந்தார். நனைந்த இலையிலிருந்து ஒவ்வொரு சொட்டாக அவர்மேல் விழ விட்டேன்.

"சாகக் கூடாது, சாகக் கூடாது" என்று வேண்டிக்கொண்டே இருந்தேன்.

அவர் தொண்டை லேசாகத் துடித்தது. பிறகு ஒரு கண் முழுதாகத் திறந்தது. அப்புறம் இன்னொரு கண்.

"அம்மா! பொழைச்சிட்டாரு!"

அம்மா தரையிலேயே உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ஒண்ணு குறையுதுன்னு உன்னைத் திட்டினேனே... ஒண்ணு கூடுதலா வந்திருக்குன்னு எனக்குத் தெரியலையே" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"தவளை தன் வாயால் கெடும்னு இனிமே யாராவது சொல்லட்டும்" என்றேன் மாமாவைப் பார்த்து. "இவர் தன் வாயால பொழைச்சவர்."

மாமா நாற்காலியிலிருந்து இறங்காமலே சொன்னார்: "அக்கா, எனக்கு ஒரு யோசனை. ஆள் வீடு தேடி வந்திருக்காரு. ஜன்னலோரத்துச் செடியில உக்கார வச்சு ஜம்முனு ஒரு படம் எடுத்துட்டா என்ன? யாருக்குத் தெரியப் போகுது?"

"அங்க முட்டை எல்லாம் தனியா இருக்கே மாமா!" என்றேன். "எறும்பு வந்தா யார் விரட்டுவா? குட்டிங்க வெளிய வந்து அப்பாவைத் தேடினா?"

அம்மா ஏற்கெனவே பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.

மழை விட்டிருந்தது. ஆனால் காடு வேறு மாதிரி ஆகியிருந்தது. காலையில் பார்த்த வழியெல்லாம் தண்ணீர். முறிந்த கிளைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. எல்லாப் புதரும் ஒரே மாதிரி இருந்தன. அம்மா ஓடைக்கரையில் மேலும் கீழும் நடந்தாள்.

"இங்கதானே... இல்ல, அங்கயா?" என்றாள்.

நான் டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். எங்கும் பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவே, தூரத்தில், ஒரு துளி மஞ்சள்!

"அம்மா, என் குடை!"

குடை ஒரு கிளையில் மாட்டிக்கொண்டு தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில்தான் அந்தப் புதர். முட்டைகள் அப்படியே இருந்தன. ஆனால் இலைக்காம்பில் முதல் எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது.

இப்போது புதுச் சிக்கல். கரை சரிந்துபோயிருந்தது. அந்த இலை எனக்கு எட்டவில்லை. அம்மாவுக்கும் எட்டவில்லை. இந்த முறை ஜீப்பில் இருக்காமல் எங்கள் பின்னாலேயே வந்திருந்த மாமாவை, நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்.

"என்னை எதுக்குப் பாக்குறீங்க?" என்றார் மாமா. "வேணாம். வேணவே வேணாம்."

"உங்க கைதான் மாமா நீளம்."

"என் கை நீளம்தான். என் தைரியம் குட்டைம்மா!"

"மாமா, இவரும் உங்களை மாதிரிதான். பயந்துபோய்த்தான் பைக்குள்ள குதிச்சாரு."

மாமா டப்பாவைப் பார்த்தார். எறும்பைப் பார்த்தார். பெருமூச்சு விட்டு, ஓடைத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு டப்பாவை வாங்கினார். வாங்கி இலைப் பக்கமாக நீட்டினார். அவர் கை நடுங்கியதில் டப்பாவும் நடுங்கியது.

கண்ணடிச்சான் இலைக்குப் போகவில்லை. டப்பா விளிம்பில் ஏறி, மாமாவின் பெருவிரல்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"ரேடியோ" என்றார் மாமா உதட்டை அசைக்காமல். "அது எங்க இருக்கு? சொல்லு. வேணாம், சொல்லாத. இல்ல, சொல்லு."

அவர் இப்போது கையை உதறினால் எல்லாம் போச்சு. கீழே ஓடை சுழித்து ஓடுகிறது. நான் கண்ணடிச்சானையே உற்றுப் பார்த்தேன். காலையில் அவ்வளவு நேரம் பேசாமல் அவரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்? குதிப்பதற்கு முன்னால் அவர் பின்னங்காலை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்வார்.

"மாமா, பயப்படாதீங்க" என்றேன் மெதுவாக. "அவர் எப்ப குதிப்பாருன்னு நான் சொல்றேன். இப்ப குதிக்க மாட்டாரு. சும்மா உக்காந்திருக்காரு. உங்க விரல் அவருக்குப் பிடிச்சிருக்கு. கையைக் கொஞ்சம் இடது பக்கம் கொண்டுபோங்க. அவ்வளவுதான். இப்பவும் குதிக்க மாட்டாரு. இன்னும் கொஞ்சம்..."

மாமாவின் நடுக்கம் குறைந்தது. நான் விடாமல் பேசிக்கொண்டே இருந்தேன். வாழ்க்கையிலேயே முதல்முறையாக யாரும் என்னை நிறுத்தச் சொல்லவில்லை.

"மாமா, காலை இழுக்கிறாரு. ஒண்ணு... ரெண்டு... இப்போ!"

கண்ணடிச்சான் குதித்தார். இலைமேல் போய் உட்கார்ந்தார். மாமா அசையவே இல்லை!

ஏறி வந்த எறும்பைக் கண்ணடிச்சான் ஒருமுறை பார்த்தார். 'லபக்!' அப்புறம் எறும்பைக் காணோம். முட்டைகளுக்குப் பக்கத்தில் நகர்ந்துபோய், ஒன்றுமே நடக்காதது மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

"அட, சொல்லிட்டுக் குதிச்சா பயமே இல்லப்பா" என்றார் மாமா. அவருக்கு வியர்த்து ஊற்றியிருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது அம்மா என் தோளை அழுத்தினாள். ஒரு முட்டை அசைந்தது. அது பிதுங்கி, உடைந்து, ஓர் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, வாலே இல்லாத ஒரு முழுத் தவளை வெளியே வந்தது. நாலு கால், இரண்டு கண், எல்லாம் சரியாக!

அம்மா கேமராவைக் கண்ணில் வைத்தாள். உடனே கீழே இறக்கிவிட்டாள்.

"வெளிச்சம் போதல. ஃபிளாஷ் போட்டா இப்பத்தான் வந்தவர் மிரண்டு ஓடிருவாரு" என்று முணுமுணுத்தாள். அவள் முகம் வாடிப்போனது.

மேகம் விலகி, மரங்களுக்கு நடுவே சாய்வாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அது விழுந்தது எங்களுக்குப் பின்னால், பாறைமேல். என் கையில், கிளையிலிருந்து எடுத்துக்கொண்ட குடை. வெளியே மஞ்சள், உள்ளே வெள்ளி. வகுப்பில் கண்ணாடியை வைத்து டீச்சர் முகத்தில் வெயில் அடித்து மாட்டிக்கொண்டவள் நான். எனக்கா தெரியாது?

பாறைக்குப் போய்க் குடையை விரித்தேன். வெள்ளிப் பக்கத்தை வெயிலுக்குக் காட்டி மெல்லத் திருப்பினேன். வெளிச்சம் மரத்தில் விழுந்தது. மாமாவின் மூக்கில் விழுந்தது. கடைசியில் இலைக்கு வந்து சேர்ந்தது. இலை முழுக்கப் பொன் நிறமாக ஒளிர்ந்தது.

கண்ணடிச்சான் அசையவில்லை. முதல் குட்டி மெதுவாக நகர்ந்து அவர் முதுகின்மேல் ஏறியது. சரியாக அந்தக் கண்ணடிக்கிற கோட்டுக்குப் பக்கத்தில்!

கேமரா 'க்ளிக்' என்றது. அம்மா படத்தைப் பார்த்தாள். பிறகு ஒன்றுமே சொல்லாமல் என்னிடம் காட்டினாள். எனக்கும் பேச்சு வரவில்லை. எனக்கே பேச்சு வரவில்லை என்றால் படம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"காலி கிளிப்புக்கு வேலை வந்திருச்சு" என்று அம்மா என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "இந்தப் படத்துக்குக் கீழே உன் பேரும் வரும்."

கிளம்பும்போது அம்மா எண்ணினாள். "கேமரா?"

"இருக்கு."

"டப்பா?"

"இருக்கு."

"குடை?"

"இருக்கு, இருக்கு!"

"தவளை?"

நான் பையைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன். மாமா தன் சட்டைப் பைகளை எல்லாம் வெளியே இழுத்துக் காட்டினார். "ஒண்ணுகூட இல்ல!" என்று சொன்னோம்.

ஜீப் கிளம்பியது. மாமா ஹாயாக விசிலடித்துக்கொண்டு ஓட்டினார். பாதி வழி வந்திருப்போம்.

'டிக்... டிக்...'

மாமா விசிலை நிறுத்தினார். வண்டியை நிறுத்தினார். மெதுவாகத் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார். "அக்கா... பையைப் பாரு" என்றார் கிசுகிசுப்பாக.

அம்மா பையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, குடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.